திரும்பாத குதிரைகளைப் பற்றி இரண்டு கருத்து

சேக்காடு, ஆவடி
8 செப்டம்பர் 1996

என்னங்க,

நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். ஜபல்பூர்ல ரூம் கிடைச்சதா நீங்க எழுதின இன்லண்டு வந்தது. அதுல மிச்சம் எழுதியிருந்ததுக்கு நான் பதில் எழுதப்போறதில்லை. புரமோஷன், டிரான்ஸ்ஃபர், என் வேலை, இதுல எதை எடுத்தாலும் நமக்குச் சண்டையிலதான் முடியுது. அதனால இனிமே புத்தகத்தைப் பத்தி மட்டும் எழுதறதுன்னு இருக்கேன். அதுலயாவது ரெண்டு பேரும் மனுஷங்களாப் பேசிக்கலாம்.

‘திரும்பாத குதிரைகள்’ நாலாம் பாகம் வந்துடுச்சு. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப் கடையில பார்த்ததும் வாங்கிட்டேன். படிச்சு முடிச்சு, தனியா புக் போஸ்ட்ல அனுப்பியிருக்கேன்.

மதியம் சாப்பிடற நேரத்துல நான் இதைப் படிக்கிறதைப் பார்த்துட்டு, கார்மென்ட்ஸ் கம்பெனியில என் கூட செக்கிங்ல இருக்கிற கண்ணம்மா, இது நடந்த கதையா நடக்காத கதையான்னு கேட்டா. பாதி நடந்தது, பாதி நடக்காததுன்னு சொன்னேன். 1769ல மைசூர் குதிரைப்படை சென்னைப் பட்டணத்து வாசலுக்கே வந்துச்சு. கோட்டையில இருந்த வெள்ளைக்காரங்க சமாதானம் எழுதிக் குடுத்தாங்க, படை திரும்பிப் போச்சு. அது நிஜம். திரும்பாம கோட்டையைப் பிடிச்சிருந்தா? அங்கிருந்து ஆரம்பிக்குது கற்பனை. வெள்ளைக்காரன் கப்பலேறிடறான், பூந்தமல்லி ராஜதானி ஆயிடுது. ஒற்றன் கோவிந்தன் எல்லா ஆபத்துலயும் தப்பிக்கிறான். அவன் பொண்டாட்டி நாகவல்லி திருமழிசைச் சுங்கச்சாவடியைப் பார்த்துக்கினு இருக்கா. இவ்வளவையும் கேட்டுட்டு கண்ணம்மா, முதல் பாகத்தைக் குடு அக்கான்னு வாங்கிக்கினு போயிட்டா.

நாலாம் பாகம் எனக்குப் பாதிதான் பிடிச்சது. உப்புச் சந்தை அத்தியாயம் அருமை. படிக்கும்போது உதட்டுல கரிச்சது. ஆனா ராஜ்ஜியமே மாறியும் என்ன மாறிச்சு? கலெக்டருக்குப் பதிலா ஆமில்தார். கோட்டை கடலோரத்துல இருந்து பூந்தமல்லிக்கு நகர்ந்துச்சு. எங்க அம்மா வழியில முன்னோருங்க திருமழிசை ஏரிக்குக் கீழ யாரோ ஒருத்தர் நிலத்துல நாத்து நட்டவங்க. இந்தப் புதுச் சரித்திரத்துலயும் அதே நிலத்துல அதே நாத்துதான் நடறாங்க. நிலம் யார்கிட்ட இருக்குன்னு நாலு பாகத்துல ஒரு வரி இல்ல. எழுதினவருக்கு சண்டையை மாத்தத் தெரியுது, மத்ததை மாத்தணும்னு தோணலை.

ராத்திரியில அம்மாவுக்கு வாய்விட்டுப் படிக்கிறேன், உங்களுக்குப் படிச்ச மாதிரி. சண்டை வந்தா தூங்கிடுது. சாப்பாடு வந்தா எழுந்துக்குது.

கஸ்தூரி


ஜபல்பூர்
2 அக்டோபர் 1996

அன்புள்ள கஸ்தூரிக்கு,

புத்தகம் கிடைத்தது. இரண்டே நாளில் முடித்துவிட்டேன். இங்கே எனக்கு வேறு என்ன வேலை. ஃபேக்டரி விட்டால் ரூம், ரூம் விட்டால் ஃபேக்டரி. என் ஹிந்தியைக் கேட்டு கேண்டீன்காரர் சிரிக்கிறார். சார்ஜ்மேன் என்ற புதுப் பதவிக்கு மட்டும் மரியாதை இருக்கிறது. ரூம் பழைய ஊர்ப்பக்கம், ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்.

நீ சொல்கிற குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ குறையை மட்டும் பார்க்கிறாய். முதல் பாகத்தில் சமாதான ஓலை கொண்டுவரும் தூதனின் குதிரை பூந்தமல்லி ஏரிச் சேற்றில் மாட்டிக்கொள்கிறதே, அதனால் ஒரு நாள் தாமதமாகி, அந்த ஒரு நாளில் எல்லாம் மாறிவிடுகிறதே, அதை எவ்வளவு நம்பும்படி எழுதியிருக்கிறார். அந்தச் சேற்றின் நாற்றம் வரை இருக்கிறது. வெள்ளைக்காரர்களைக் கொடியவர்களாகவும் மைசூர்க்காரர்களைத் தெய்வங்களாகவும் காட்டவில்லை. கோட்டை விழுந்த பிறகும் ஊருக்குப் போகாமல் தங்கி, இரண்டு பக்கத்துக் காயத்துக்கும் மருந்து கட்டுகிற அந்தக் கிழட்டு வைத்தியனை மறக்க முடியுமா. படை முகாமில் கன்னடம், தக்கினி, மராத்தி, தெலுங்கு எல்லாம் கலந்து பேசுவதைப் படித்தபோது எனக்கு நம் குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாயடி ஞாபகம் வந்தது. இத்தனையும் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். நமக்குத் தெரிந்த மண்ணை நமக்கே புதிதாகக் காட்டுவது சின்ன விஷயமில்லை.

கோவிந்தன் விஷயத்திலும் உனக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆணை வருகிறது, அவன் போகிறான். வேலை என்று ஒன்று இருந்தால் போகத்தான் வேண்டும். நாகவல்லி அதைப் புரிந்துகொள்கிறாள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உத்தமன்


சேக்காடு
27 அக்டோபர் 1996

என்னங்க,

நாகவல்லி புரிஞ்சிக்கிறான்னு எழுதியிருக்கீங்க. எந்தப் பக்கத்துலன்னு சொல்லுங்க, நான் திரும்பப் படிச்சுப் பார்க்கிறேன். நான் தேடிட்டேன். கோவிந்தன் குதிரையில ஏறறான், அவ வாசல்ல நிக்கறா, கண்ணு கலங்குது. அடுத்த அத்தியாயம் சீரங்கப்பட்டணம். பதினாலு வருஷம் கழிச்சு அவன் திரும்பி வரும்போது அதே வாசல்ல நிக்கறா. நடுவுல அவ என்ன பண்ணா? அந்தச் சாவடியில வண்டி வண்டியா சரக்கு போவுது, திருடனுங்க வரானுங்க, ஆமில்தார் ஆளுங்க மிரட்டறாங்க. அத்தனையையும் ஒருத்தியா சமாளிச்சிருக்கா. அதுல ஒரு அத்தியாயம் எழுத அவருக்குக் கை வரலை. இந்தப் பாகங்களோட பெரிய ஓட்டை அதுதான்.

புத்தகத்தைப் பத்தி மட்டும்னு நான்தான் சொன்னேன். ஆனா வேலைன்னா போகத்தான் வேணும்னு நீங்கதான் கதவைத் திறந்தீங்க, அதனால சொல்றேன். நீங்க போனதுல எனக்குக் கோவம் இல்ல. டிரான்ஸ்ஃபருக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து ஸ்வீட் பாக்ஸோட சொன்னீங்க பாருங்க, அதுலதான். அதே மாசந்தான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினாங்க. முப்பத்தியெட்டு பொண்ணுங்க என் லைன்ல. நீயும் கிளம்புன்னீங்களே தவிர, என்ன பண்ணலாம்னு கேக்கலை. கேட்டிருந்தா நானே போங்கன்னு சொல்லியிருப்பேன்.

எனக்கு வாசல்ல நிக்க நேரம் இல்லங்க. ஏழு மணிக்கு பஸ்.

கஸ்தூரி


ஜபல்பூர்
22 ஜனவரி 1997

கஸ்தூரிக்கு,

வந்து சேர்ந்தேன். பொங்கலுக்கு வந்தவன் கரிநாளன்றே கிளம்பியதைப் பற்றி அத்தை என்ன நினைத்திருப்பார்களோ தெரியவில்லை. அவர்கள் எதிரில் நான் அவ்வளவு சத்தம் போட்டிருக்கக் கூடாது. நீயும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

நம் ஆவடி ஃபேக்டரி பால்ராஜ் உன் ஜாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால் இரண்டு பேருக்குமே நல்லதாக இருந்திருக்குமோ என்று ரயிலில் வரும்போது தோன்றியது. நீ அம்பத்தூரில் நிம்மதியாக இருந்திருப்பாய். நான் எங்கே மாற்றினாலும் போயிருப்பேன். யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

நான்காம் பாகத்தை அங்கே அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன், ஐந்தாம் பாகம் வந்தால் அனுப்ப வேண்டாம்.

உத்தமன்


சேக்காடு
16 மார்ச் 1997

என்னங்க,

உங்க லெட்டர் வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. கோவத்துல எழுதக் கூடாதுன்னு இருந்தேன்.

ரயில்ல உங்களுக்குத் தோணினதை நானும் பஸ்ல நினைச்சுப் பார்த்தேன். பால்ராஜ் அண்ணன் வரலைன்னு வெச்சுக்கலாம். நான் இதே கம்பெனிக்கு இதே பஸ்லதான் போயிருப்பேன். சூப்பர்வைசரும் ஆகியிருப்பேன். அம்மா வேற யாரையாவது பார்த்திருக்கும். அந்த ஆள் உங்களை விட நல்லவரா இருந்திருக்கலாம், குடிக்கிறவரா இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாழ்க்கையில யாரு வருவா, என்ன உடம்புக்கு வரும், எதுவும் தெரியாது. தெரியாததுல நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து, தெரிஞ்சதுல கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெரியாததுதான் ஜெயிக்கும். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல, கரண்டு போன ராத்திரிங்கள்ல நீங்க டார்ச் பிடிக்க நான் படிச்சது அந்தப் பக்கத்துல இருக்காது. அதை ஏன் கணக்குல சேர்க்கலை?

நான் சொன்ன அந்த வார்த்தை தப்புதான். அதை வாபஸ் வாங்கிக்கிறேன். மத்ததை வாங்கலை.

அஞ்சாம் பாகத்தை நீங்க வேணாம்னு சொன்னாலும் அனுப்பறேன். ஆறுலயே இதுதான் நல்லா வந்திருக்கும்னு நினைக்கிறேன், ஆறாவது இன்னும் வரலை, இருந்தாலும். இதுவரைக்கும் கோட்டை விழுந்ததால எல்லாம் சரியாச்சுன்னு சொல்லிக்கினே வந்தாரு. இதுலதான் முதல் தடவையா அந்த மாறின சரித்திரமும் தப்பாப் போவுது. புது ராஜதானிக்குத் தண்ணி வேணும்னு ஏரிக்கரையை உசத்தறாங்க, மழையில கரை உடையுது, பூந்தமல்லியில பாதி போயிடுது. வெள்ளைக்காரன் மேல பழி போட முடியாது, அவன்தான் இல்லையே. கோவிந்தன் தண்ணியில நின்னுக்கினு, குதிரைங்க அன்னிக்கே திரும்பிப் போயிருக்கலாமோன்னு நினைக்கிறான். திரும்பிப் போயிருந்தா வேற ஏதாவது உடைஞ்சிருக்கும்னு அந்த வைத்தியர் சொல்றாரு. அந்த இடத்தை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சேன்.

படிங்க. நிதானமா யோசிச்சிட்டு எழுதுங்க. அவசரமில்லை.

கஸ்தூரி


ஜபல்பூர்
24 மே 1997

அன்புள்ள கஸ்தூரி,

தந்தி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். தந்தி ஆபீஸில் அவ்வளவு கூட்டம். போன் எதுவும் போகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். காலில் மட்டும் சின்னச் சிராய்ப்பு. முதலில் அதை நம்பு, பிறகு மற்றதைப் படி.

இரண்டு நாளைக்கு முன் விடியலுக்கு வெகுநேரம் இருக்கும்போது பூமி ஆடியது. முதலில் யாரோ கட்டிலைப் பிடித்து உலுக்குவதாக நினைத்தேன். நான் முற்றத்தில் படுத்திருந்தேன். மே மாதத்தில் இங்கே ஓட்டுக்குக் கீழே மனிதன் படுக்க முடியாது. கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுப் படுப்பது என் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எழுந்து நிற்பதற்குள் என் ரூமின் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. ஓடு மொத்தமும் கீழே வந்தது. புழுதி அடங்கியதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க நான் படுத்திருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் கிடந்தது.

வீட்டுக்காரர் குடும்பம் தப்பித்துவிட்டது. எங்கள் தெருக்கோடியில் தையல்காரர் ஒருவர் இறந்துவிட்டார். எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர். இந்தப் புழுக்கத்திலும் அவர் உள்ளே படுத்திருந்திருக்கிறார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்று அவர் சடலத்தைத் தூக்கும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

கோவிந்தன் தப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். அவன் சாமர்த்தியம், அல்லது பின்னால் அவனுக்கு ஒரு பெரிய காரியம் காத்திருக்கும். அதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய பொய் என்று இப்போது தெரிகிறது. எனக்கு ஒரு காரணமும் இல்லை. புழுக்கம், அவ்வளவுதான். தையல்காரரை விட எந்த விதத்திலும் நான் உசத்தியில்லை. இப்படிச் சும்மா கிடைத்த உயிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். ரயிலில் தோன்றியதாக உனக்கு ஒன்று எழுதினேனே, அதை நீ வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. சுவர் விழுந்த சத்தம் அடங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, கஸ்தூரிக்கு எப்படிச் சொல்வது என்றுதான்.

ஐந்தாம் பாகம் இடிபாட்டுக்குள் இருக்கிறது. ஏப்ரலிலேயே படித்துவிட்டேன். உனக்கு எழுதத்தான் வீம்பு விடவில்லை. நீ சொன்னது சரி. அதுதான் நல்ல பாகம்.

ஆவடிக்கே திரும்ப எழுதிக் கொடுத்தால் பதவி போகும். போகட்டும் என்று இருக்கிறது. என்ன சொல்கிறாய்?

உத்தமன்


சேக்காடு
30 மே 1997

என்னங்க,

உங்க தந்தி நாலு நாள் கழிச்சு வந்துச்சு. அதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன்.

வியாழக்கிழமை மதியம் கம்பெனியில ரேடியோ வெச்சிருந்த பையன்தான் சொன்னான், ஜபல்பூர்ல பூகம்பம்னு. மிஷின் சத்தத்துல எனக்கு ஊர் பேர் மட்டும் கேட்டுச்சு. எஸ்.டி.டி. பூத்துல உக்காந்து உங்க வீட்டுக்காரர் நம்பரைத் திரும்பத் திரும்ப அடிச்சேன். கண்ணம்மா என் லைனைப் பார்த்துக்கினா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அம்மா எனக்கு முன்னாடியே கேள்விப்பட்டுடுச்சு. “நீ இன்னாத்துக்கு உக்காந்துகினு அழுவற, அவுங்க ஃபேக்டரிக்குப் போய்க் கேளுடி”ன்னு என்னை எழுப்பி, அதுவே கூட வந்துச்சு. மூட்டு வலிக்கிற காலோட அவ்வளவு தூரம் நடந்துச்சு.

கேட்ல உள்ள விடலை. பால்ராஜ் அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். அவரு வந்து, ஃபேக்டரிக்கும் ஃபேக்டரிக்கும் தனி போன் லைன் இருக்கு, கேக்கறேன்மான்னு உள்ள போனாரு. நாங்க வெளிய மரத்தடியில உக்காந்திருந்தோம். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியலை. ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிளெல்லாம் போச்சு. ஒவ்வொரு சைக்கிளும் உங்களுதுன்னு தோணிச்சு. நாகவல்லி வாசல்ல நின்னதை நான் கேலி பண்ணேன். அன்னிக்கு நானும் கேட்ல நின்னேன். நிக்கறதும் ஒரு வேலைதான்னு இப்பத் தெரியுது. ஆனாலும் அவரு அதை எழுதியிருக்கணும்.

அண்ணன் ஓடி வந்தாரு. ஓடி வர்றதைப் பார்த்து நான் அம்மா கையைப் பிடிச்சுக்கினு எழுந்து நின்னேன். கிட்ட வந்து மூச்சு வாங்கிக்கினு, “உசுரோட கீறாம்மா. இன்னிக்கு டூட்டிக்கே வந்துக்கீறான்”னாரு.

டூட்டிக்கா? வீடு இடிஞ்சு விழுந்த அன்னிக்கு டூட்டிக்குப் போன ஆளை நான் என்னன்னு சொல்றது. அங்கயே சிரிச்சேன். அம்மா என் தலையில ஒரு தட்டு தட்டிட்டு அழுதுச்சு. திரும்பி வரும்போது கடையில ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அம்மா பன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. அந்த மாதிரி ஒரு டீ நான் குடிச்சதில்லைங்க.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன். கேட்டீங்களே, அதுவே எனக்குப் போதும். ஒண்ணும் எழுதிக் குடுக்காதீங்க. பதவியை விடறேன்னு பயத்துல எழுதிட்டு, நாளைக்கு அதை நினைச்சு நினைச்சு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. எனக்கு உங்களைத் தெரியும். எனக்குப் பதினைஞ்சு நாள் லீவு இருக்கு. ஜூன் கடைசியில கங்கா காவேரி ரயில்ல வரேன். பால்ராஜ் அண்ணன் டிக்கெட் எடுத்துத் தரேன்னிருக்காரு. வந்து அந்த ஊரைப் பார்க்கறேன், நீங்க எங்க படுத்திருந்தீங்கன்னு பார்க்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்.

அந்தத் தையல்காரர் வீட்டுல யார் இருக்காங்க? வரும்போது ஏதாவது கொண்டாரட்டுமா?

ரயில்ல தோணின லெட்டரைக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சு.

கஸ்தூரி


ஜபல்பூர்
19 அக்டோபர் 1997

அன்புள்ள கஸ்தூரி,

வந்துவிட்டது. நீ இங்கே வந்திருந்தபோது நாம் தேடிக் கண்டுபிடித்தோமே, ஆவடியில் வேலை செய்யும் இந்த ஊர்க்காரர், அவருக்கும் எனக்கும் பரஸ்பர மாறுதல் ஆணை நேற்று கைக்கு வந்தது. பதவி அப்படியே இருக்கும். சீனியாரிட்டியில் கொஞ்சம் பின்னால் போவேன். அது போகட்டும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம். அவர் அம்மா இங்கே தனியாக இருக்கிறார், பூகம்பத்துக்குப் பிறகு வீட்டுக்குள் படுக்கவே பயப்படுகிறாராம். நேற்று மாலை அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் ஹிந்தி போதவில்லை, அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நீ விட்டுப்போன தைரியத்தில்தான் இந்த மூன்று மாதம் ஓடியது. தையல்காரர் மனைவி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ சொல்லிக் கொடுத்தபடி காலர் தைக்கிறாளாம். இரண்டு கடைக்காரர்கள் வேலை கொடுக்கிறார்கள்.

நீ அனுப்பிய ஆறாம் பாகம் படித்தாகிவிட்டது. கடைசிப் பாகம் என்பதால் அவசர அவசரமாக முடித்திருக்கிறார் என்று நீ எழுதியது நியாயம். எல்லோரையும் பூந்தமல்லிக்கு வரவழைத்து எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைத்தால் கதை முடிந்துவிடுமா. நிலம் யாருடையது என்ற உன் கேள்விக்குக் கடைசி வரை பதில் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த ஆசிரியர் மேல் வருத்தமில்லை. நடக்காத ஒன்றைக் காட்டி, நடந்ததை உற்றுப் பார்க்க வைத்தார். ஓட்டைகளோடு அந்த ஆறு பாகங்களும் நம் அலமாரியில் இருக்கட்டும். ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் வேறு பிரதி வாங்க வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். சென்ட்ரலில் இறங்கி ஆவடி லோக்கல் பிடித்து நானே வந்துவிடுவேன். பெட்டி ஒன்றுதான், மற்றதெல்லாம் இங்கேயே கொடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று நீ லீவு போடாதே. உன் லைனில் ஏற்றுமதி அவசரம் என்று எழுதியிருந்தாய். ஏழு மணி பஸ்ஸுக்குப் போ. சாவியை அத்தையிடம் கொடுத்துவிடு. சாயங்காலம் நீ வருவதற்குள் நான் சோறு வடித்து வைத்திருப்பேன். குழம்பு மட்டும் அத்தை வைக்கட்டும்.

உத்தமன்